போறணைக்கு மேலை இருந்த வெருளி

பொலிஸ்காரர் அண்ணையின்ரை வலக்கையைப் பிடிச்சு ஜீப்புக்குக் கிட்டக் கொண்டுபோகேக்கை, அவற்றை மற்றக் கையிலை விறகுச் சிராய் ஒட்டிக்கொண்டிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பத்மாசினி மாமி பேக்கரி வாசல்லை நிண்டு, "உவன்தான், உவன்தான் தேத்தண்ணியிலை நஞ்சு கலந்தவன்" எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னா. அம்மா மதில்லை சாஞ்சு நிண்டா. நான் செருப்புமில்லாமல் றோட்டிலை நிண்டன்.

தயாளினி, நீ நித்திரையாயிருப்பாய், விடியத்தான் இதை வாசிப்பாய் எண்டு தெரியும். ஆரிட்டையாவது சொல்லாட்டி விடியாது போலை கிடக்கு.

நீ வவுனியாவுக்குப் போனாப்பிறகுதான் எங்கடை மதிலுக்கு அங்காலை அந்தப் பேக்கரி வந்தது. சமையல் காஸுக்குச் சனம் வரிசையிலை நிண்ட நேரம், நெல்லியடியிலை பாண் எடுக்கிறதே பெரும்பாடு. மாமியின்ரை மனிசன் இராசநாயகம் மாமா பெரிய விறகடுப்பு மாதிரிப் போறணை ஒண்டு கட்டி, ஒரு தகரக் குழாயைக் கூரைக்கு மேலாலை விட்டு, பாண் போடத் தொடங்கினார். சனம் குவிஞ்சுது. கண்ணூறு பட்டிடும் எண்டு மாமி ஒரு கரிச்சட்டியிலை சுண்ணாம்பாலை கண்ணும் பல்லும் கீறி, குழாயோடை ஒரு தடி கட்டுவிச்சு, தடி நுனியிலை வெருளியாக் கவிட்டு வைப்பிச்சா. ஏறிக் கட்டினது எங்கடை கஜீவன் அண்ணை. அங்கை வேலை செய்யிறவை அவரும் டினேஸ் அண்ணாவும்தான். டினேஸ் அண்ணா பருத்தித்துறைப் பொடியன், தகப்பன் கடலுக்குப் போறவர்.

இண்டைக்கு விடியக்காலமை அண்ணை தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டு, தன்ரை பங்கையும் குடிச்சிட்டு, பின்பக்கக் கொட்டிலிலை விறகு கொத்தப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் மாமா போறணைக்கு முன்னாலை குப்புறக் கிடக்கிறார். டினேஸ் அண்ணா வாசற்படியிலை சத்தி எடுத்துச் சுருண்டு கிடக்கிறார். மாமாவின்ரை தலைமாட்டிலை வெறும் தேத்தண்ணிப் பேணி. அண்ணைதான் ரெண்டு பேரையும் முத்தத்துக்கு இழுத்துப் போட்டுக் கத்தினவர். டினேஸ் அண்ணா கொஞ்சத்தாலை எழும்பி இருந்திட்டார். மாமா எழும்பேல்லை. அம்புலன்ஸிலை அவற்றை தம்பிக்காரர் ஏறிப் போனார். மாமி பொலிஸுக்குச் சொல்லவெண்டு நிண்டிட்டா.

சொல்ல அவவுக்கு விசயமும் இருந்தது. முதல்நாள் பின்னேரம் பணிஸ் கரிஞ்சதுக்கு மாமா சனத்துக்கு முன்னாலை அண்ணையை ஏசினவர். அண்ணையும் வாய் பொத்தேல்லை. "உந்தப் போறணையோடையே கிடந்து சாவுங்கோ" எண்டிட்டு இறங்கி வந்தவர். பாண் வாங்க நிண்ட எல்லாரும் கேட்டவை.

ஜீப்பின்ரை கதவைத் திறக்கேக்கைதான் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிண்டது. பி.எச்.ஐ. நீக்கிலாப்பிள்ளை சேர். கடையளிலை பழுதான சாப்பாடு பிடிக்கிற சுகாதாரப் பரிசோதகர், உனக்கும் ஞாபகமிருக்கும். தேத்தண்ணியிலை நஞ்சாம் எண்டு ஆசுபத்திரியிலை இருந்து அறிவிச்சிருக்கினம். அவர் மழைக்கோட்டைக் கழட்டவுமில்லை, அவசரப்படவுமில்லை. கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு நிண்டார்.

நான் ஓடிப்போய், "சேர், என்ரை அண்ணை செய்யேல்லை" எண்டன்.

"எப்பிடித் தெரியும்?"

"அவருக்குத் தேத்தண்ணிக்குச் சீனியே அளவாப் போடத் தெரியாது சேர். நஞ்சு எங்காலை?"

"நல்ல சாட்சி" எண்டு சிரிச்சார். "வாரும் பிள்ளை, இந்த ரோச்சைப் பிடியும்."

சார்ஜன் குறுக்காலை வந்தார். "சேர், தேத்தண்ணியை எடுத்திட்டு விடுங்கோ. ஆள் கையிலை இருக்கு."

"ஆள் ஓடாது, சார்ஜன். கொஞ்சம் பொறுங்கோ."

வாசல்லையே நிண்டு உள்ளுக்கை பார்த்தார். மழைச் சாரலுக்கு யன்னல் ரெண்டையும் பூட்டி, மேலை தறப்பாள் போட்டு ஆணி அடிச்சிருந்தினம். "ஒருத்தரும் உள்ளுக்கை போகவேண்டாம். முதல் உந்தத் தறப்பாளை வெளியாலை இழுத்து யன்னலைத் திறவுங்கோ."

"இப்ப யன்னலையும் ஜீப்பிலை ஏத்தவோ?" எண்டு சார்ஜன் நக்கலடிச்சார். சேர் கேக்காத மாதிரி நிண்டார். கனநேரம் காத்து விட்டுத்தான் உள்ளுக்கை போனார். நானும் பின்னாலை போனன்.

போறணை வாய்க்குள்ளை நெருப்பு அரைவாசி அணைஞ்சு கிடந்தது. சேர் ஒரு கம்பியாலை கிண்டிப் பார்த்தார். விறகில்லை, எல்லாம் சிரட்டைக் கரி. பேந்து ரோச்சை மேலை பிடிக்கச் சொன்னார். போறணைக்கு மேலை சூட்டுக்குப் படுக்கிற மண்ணிறப் பூனை அங்கைதான் படுத்திருந்தது. தொட்டுப் பார்த்தார். விறைச்சுப் போச்சு.

"இதுக்கு ஆர் தேத்தண்ணி ஊத்தினது?"

"பூனை பிளேன்ரீ குடிக்காது சேர்."

"அப்ப அது எப்பிடிச் செத்தது எண்டு யோசியும்."

வெளியிலை வந்து டினேஸ் அண்ணாவுக்குப் பக்கத்திலை குந்தினார். "தம்பி, நீர் எத்தினை பேணி குடிச்சனீர்?"

"ரெண்டு, சேர். என்ரையும் முதலாளியின்ரையும். கஜீவன் பழக்கத்திலை அவருக்கும் ஊத்திட்டான். அவர் தொடேல்லை, நான் எடுத்துக் குடிச்சிட்டுப் பேணியை அங்கையே வைச்சன்."

"பொய்" எண்டா மாமி. "பேணி அவற்றை தலைமாட்டிலைதானே கிடந்தது."

சேர் மாமியிட்டைத் திரும்பினார். "அம்மா, நான் வேதக்காரன், பிழையாக் கேட்டால் மன்னியுங்கோ. இப்ப கந்தசஷ்டி நடக்குதெல்லோ? ஐயா விரதமோ?"

"பின்னை? ஆறு நாளும் வெறும் தண்ணிதான். பதினேழு வருசமா ஒரு நாள் பிசகேல்லை. பச்சைத்தண்ணி தவிர வேறையொண்டும் அவற்றை தொண்டையாலை..."

அவ்வளவிலை நிப்பாட்டிட்டா.

"ரெண்டு பேணி குடிச்சவர் இருந்து கதைக்கிறார்" எண்டார் சேர். "ஒரு சொட்டும் குடியாதவர் ஆசுபத்திரியிலை கிடக்கிறார். பூனையும் குடியேல்லை. குடிச்சிட்டுக் கொட்டிலிலை நிண்ட கஜீவனுக்கு ஒண்டுமில்லை. தேத்தண்ணியை விடுங்கோ, சார்ஜன். உள்ளுக்கை கூட நேரம் நிண்டவர்தான் கூடப் பாதிக்கப்பட்டிருக்கிறார். படியிலை விழுந்தவருக்குக் கொஞ்சம் காத்துப் பட்டிருக்கு."

உடனை போனை எடுத்தார். ஆசுபத்திரி டொக்டரிட்டை, நஞ்சில்லை, கரியிலை இருந்து வந்த வாயு, ஒட்சிசன் குடுங்கோ எண்டு சொன்னதை நான் பக்கத்திலை நிண்டு கேட்டன். எங்கடை விஞ்ஞானப் புத்தகத்திலை இருக்கிற காபனோரொட்சைட்டுத்தான் தயா. நிறமில்லை, மணமில்லை எண்டு சோதினைக்குப் பாடமாக்கினதுதானே. அது ஒரு ஆளை விழுத்தும் எண்டு நான் ஒருநாளும் நினைச்சுப் பார்க்கேல்லை.

"புகையே இல்லையே சேர்" எண்டார் சார்ஜன்.

"விறகு மழைக்கு நனைஞ்சதாலை கரி போட்டிருக்கினம். நல்லா எரியிற கரி கண்ணுக்குப் புகையாது. அதாலைதான் ஒருத்தரும் வெளியிலை ஓடேல்லை."

"அப்ப உந்தக் குழாய் என்னத்துக்கு? அதாலை போயிருக்குமே?"

அந்த நேரம்தான் எனக்குத் தட்டுப்பட்டது. "சேர், வெருளிக்கு இண்டைக்கு வாய் இல்லை."

எல்லாரும் என்னைப் பார்த்திச்சினம். எங்கடை குசினி யன்னலாலை பார்த்தால் பேக்கரி முகட்டுக்கு மேலாலை அந்தச் சட்டியின்ரை முழு முகமும் தெரியும். பல்லு விளக்கேக்கை தினமும் அதுதான் என்னைப் பார்த்து இளிக்கிறது. இண்டைக்குச் சட்டி பணிஞ்சு, முகட்டுக்கு மேலை கண் மட்டும்தான் தெரிஞ்சது. அதைச் சொன்னன்.

சேர் ஏணி வைச்சுத் தானே ஏறினார். இறங்கேக்கை கையிலை வெருளிச் சட்டி. "தடியிலை இருக்கேல்லை. குழாயின்ரை வாயிலை கவிட்டு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கு." சட்டிக்குள்ளை புதுக் கரி பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது.

சார்ஜனுக்கு முகம் மலர்ந்திட்டுது. "அப்ப சரி. இதைக் கூரையிலை ஏறிக் கட்டினவன் ஆர் எண்டு மாமியிட்டைக் கேளுங்கோ. தேத்தண்ணியிலை கலக்கேல்லை, குழாயை அடைச்சிருக்கிறான்."

தயா, நானே வாயைத் திறந்து அண்ணையைக் காட்டிக்குடுத்திட்டன். அண்ணை என்னைப் பார்த்த பார்வை இருக்கே, கோவமில்லை, களைச்ச பார்வை. அம்மா முருகா எண்டு சத்தமில்லாமல் அழுதா.

சேர் சட்டியைக் கவனமா நிலத்திலை வைச்சார். அதிலை நீல நைலோன் கயிறு, முடிச்சோடை. முடிச்சுக்கு மற்றப் பக்கத்தைத்தான் வெட்டி எடுத்திருக்கிறார். "கஜீவன், நீர் முதல் எதாலை கட்டினனீர்?"

"கம்பியாலை, சேர்."

"ஓம், அறுத்த கம்பி தடியிலை இன்னும் கிடக்கு. இந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்துத் தாரும்."

அண்ணை நகத்தாலை கிள்ளினார், பல்லாலை இழுத்தார். அது இன்னும் இறுகிச்சுதே தவிர அசையேல்லை.

"சரி விடும். டினேஸ், உம்மாலை ஏலுமோ?"

டினேஸ் அண்ணா இருந்த இடத்திலையே கயிறை வாங்கி, பெருவிரலாலை ஒரு தள்ளுத் தள்ளி, மற்றக் கையாலை இழுத்தார். முடிச்சுக் கழண்டுது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவிழ்ந்தாப்பிறகுதான் கையைப் பார்த்தார். பேந்து சட்டியைப் பார்த்தார்.

"வலை கட்டிப் பழகின கை" எண்டார் சேர் மெதுவா. "எப்ப தம்பி ஏறினனீர்?"

"நேற்றுப் பின்னேரம், எல்லாரும் போனாப்பிறகு." டினேஸ் அண்ணா முகட்டைப் பார்த்தார். "குழாயாலை மழைத்தண்ணி இறங்கி அடுப்பெல்லாம் சேறு, சேர். காலமை நான்தானே நெருப்பு மூட்டுறனான், மூட்டமுதல் ஏறிக் கழட்டுவம் எண்டு நினைச்சன். விரதமெண்டு முதலாளி நேரத்தோடை முழுகிட்டு வந்து தானே மூட்டிட்டார். நான் வர நெருப்பு வடிவா எரியுது, ஒரு பொட்டுப் புகையில்லை. அவர் கண்டு கழட்டிட்டார் எண்டு நினைச்சன். கடவுளாணை, நானும் இவ்வளவு நேரமும் தேத்தண்ணி எண்டுதான் இருந்தனான்."

சார்ஜன் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார்.

"கொல்ல நினைச்சவன் அந்த நெருப்புக்கு முன்னாலை தானும் வந்து நிக்கமாட்டான்" எண்டார் சேர். "பிழை குழாயைப் பூட்டின நாளிலையே துவங்கிட்டுது. முகட்டுக்குக் கொஞ்சம்தான் மேலை நிக்குது, இன்னும் நல்லா உயரவேணும். மூடியில்லாமல் விட்டால் மழை இறங்கும், மழை இறங்கினால் ஆரோ ஒருவன் எதையாவது கொண்டுபோய்க் கவிழ்ப்பான். தகர மூடிக்குக் கால் வைச்சு உயர்த்திவிட்டால் மழையும் வராது, காத்தும் போகும். உங்கை பாருங்கோ, குழாய் கூரைச் சிலாகையிலை முட்டி மரம் கருகிக் கிடக்கு. ஒரு நாள் கூரையும் பத்தியிருக்கும். எல்லாத்தையும் மாத்தி, ஒரு யன்னலை எந்த மழைக்கும் பூட்டாமல் விட்டு, எனக்குக் காட்டுமட்டும் இதிலை ஒருத்தரும் நெருப்பு மூட்டக்கூடாது. டினேஸ், நீரும் இப்ப ஆசுபத்திரிக்கு வாரும். எழும்பி இருந்திட்டால் சுகமெண்டு இல்லை."

சார்ஜன் அண்ணையின்ரை கையை விட்டார். "போம் தம்பி. வாயைக் கொஞ்சம் குறைச்சுக்கொள்ளும்" எண்டார். அண்ணை எங்கை போறதெண்டு தெரியாமல் அங்கையே நிண்டார். நான் போய்க் கையைப் பிடிச்சன். சிராய் என்ரை கையிலையும் குத்திச்சுது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்திட்டுது, அம்மாவும் அப்பிடித்தான். மத்தியானம் போல மாமா கண் முழிச்சிட்டார் எண்டு போன் வந்தது. ஒட்சிசன் குடுத்தாப்பிறகுதான் தெளிஞ்சதாம். எங்கடை வீட்டிலை ஆறுதலாச் சோறு திண்டது அப்பத்தான். அண்ணை மட்டும் ரெண்டு வாயோடை எழும்பிட்டார்.

பின்னேரம் கேற்றடியிலை ஆரோ நிக்கிற மாதிரிக் கிடந்தது. பத்மாசினி மாமி. தலைமயிர் வாரி இழுக்கவுமில்லை, காலமை கட்டின சீலைதான். உள்ளுக்கை வாங்கோ எண்டன், வரேல்லை.

"கொண்ணை கஜீவன் நித்திரையோ, பிள்ளை?"

"ஓம் மாமி."

"மாமா கேட்டவர், தன்னை ஆர் வெளியிலை இழுத்துப் போட்டதெண்டு. கஜீவன் எண்டு சொன்னன். அவனை ஒருக்கா வரச்சொல்லு, கையைப் பிடிக்கவேணும் எண்டவர்." மாமி கேற்றுக் கம்பியைத் தடவிக்கொண்டு நிண்டா. "நான் பொலிஸிட்டை என்ன சொன்னனான் எண்டு அவருக்கு இன்னும் தெரியாது."

நான் கேற்றைத் திறந்து பிடிச்சன்.

"அவன்ரை முகத்தைப் பார்த்துச் சொன்னனான் பிள்ளை. முழு ஒழுங்கையும் கேக்கச் சொன்னனான். அவன் அதை மறப்பானோ?"

அண்ணை நித்திரையில்லை தயா. யன்னலுக்கு அங்காலை முழிச்சுக்கொண்டுதான் படுத்திருந்தவர், எல்லாம் கேட்டிருக்கும். எழும்பி வரேல்லை. இப்பவும் கட்டில் கிரீச்சிடுற சத்தம் கேக்குது, திரும்பித் திரும்பிப் படுக்கிறார். மாமி கனநேரம் நிண்டு பார்த்திட்டுப் போட்டா, நான் பதில் சொல்லேல்லை. நீ எண்டால் என்ன சொல்லியிருப்பாய், மறப்பாரோ?