ஏழு படுக்கை கேரவன்

கதவின் வெளிப்பக்கத்தில், கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, புது வெள்ளை பெயின்ட்டுக்கு அடியில் நான்கு சின்னப் பள்ளங்கள் தெரிந்தன. திருகாணி போட்டு, பிறகு பிடுங்கி, பட்டி மாவு வைத்து அடைத்த பள்ளங்கள். வெயில் பக்கவாட்டில் விழுந்ததால்தான் தெரிந்தன. நேரே நின்று பார்த்தால் வழவழவென்றுதான் இருந்திருக்கும். கார்மேகம் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். மூன்றாவது பள்ளம் மட்டும் கொஞ்சம் கோணல். டிரில் மெஷின் வழுக்கியதால் வந்த கோணல். அன்று மெஷினைப் பிடித்திருந்தது அவன் கை.

அதற்குள் ஐந்து பிள்ளைகளும் உள்ளே ஏறிவிட்டார்கள்.

தோஹாவில், பழைய கேபின்களையும் சக்கரம் வைத்த கேரவன்களையும் வாங்கி, துடைத்து, பெயின்ட் அடித்து விற்கிற யார்டு அது. இரண்டாயிரத்து ஏழு, ஏப்ரல் மாதம். நஜ்மா பகுதியில் அவர்கள் ஆறு வருடமாகக் குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஏழு பேர் என்றதும் வேறு எந்த வீட்டுக்காரனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கார்மேகம் ஸ்டோர் கீப்பராக இருக்கும் கம்பெனி, ஊருக்கு வெளியே இருக்கும் தன் யார்டில் ஒரு கேரவனை நிறுத்திக் குடும்பத்தோடு இருந்துகொள்ளச் சொன்னது. கேரவனை மட்டும் அவனே வாங்கிக்கொள்ள வேண்டும்.

“என்னங்க, உள்ள வந்து பாருங்க,” ராதா வாசலில் நின்று கூப்பிட்டாள். “காலையிலேர்ந்து நாலு பாத்தாச்சு. இதுலதான் ஏழு பேருக்கும் படுக்கை இருக்கு. பின்னால ரெண்டடுக்குல நாலு, நமக்கு முன்னால பெருசா ஒண்ணு, நடுவுல இந்த மேஜைய மடிச்சு விரிச்சா கடைக்குட்டிக்கு ஒண்ணு.”

“சினிமாக்காரங்க கேரவன் மாதிரியே இருக்குப்பா,” என்றாள் மூத்தவள் அகிலா. அவளுக்குப் பதிமூன்று வயது. அவளுக்குக் கீழே மூன்று பேரும் அடுக்குப் படுக்கைகளில் ஏறி, யாருக்கு எது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பழசு மாதிரி தெரியுது. வேற பாப்போம்,” என்றான் கார்மேகம்.

யார்டு நடத்துகிற கௌஸ் முகைதீன் கீழக்கரைக்காரர். அவர் சிரித்தார். “அண்ணே, இது இங்கிலீஷ்காரன் செஞ்ச வண்டி. ரோடு போடுற சைட்டுல ஒரு இஞ்சினியர் வச்சிருந்தது. அவரு போனப்புறம் சும்மாவே கெடந்துருக்கு. கம்ப்ளைண்ட் மாஃபி, ஒண்ணுமே இல்ல. ஏசி போட்டுப் பாருங்க.”

ராதா புருஷன் முகத்தைப் பார்த்தாள். “ஏன் வேணாங்குறீங்க? ஒரு காரணம் சொல்லுங்க.”

காரணம் இருந்தது. அதைச் சொல்ல வாய் வேண்டும். கார்மேகம் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். கடைக்குட்டி, நாலு வயது முத்தரசி, விரித்துவிட்ட நடுப்படுக்கையில் மல்லாந்து படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதே படுக்கை. துணி மட்டும் மாற்றியிருந்தார்கள்.

“சரி, உன் இஷ்டம்,” என்றான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆகஸ்ட் மாதம், அவன் ரோடு போடும் சைட்டில் சூப்பர்வைசராக இருந்தான். சோலைமுத்து அவன் பக்கத்து ஊர்க்காரன். கமுதியிலிருந்து கார்மேகமே விசா எடுத்துக் கூட்டிவந்தவன். மூன்று நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் அவனுக்கு இன்னும் மெடிக்கல் கார்டு எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டது கார்மேகம். அன்று சைட்டைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. இஞ்சினியர் லீவில் போயிருந்ததால் கேரவன் காலியாக இருந்தது. “ஏசியில செத்த நேரம் படுடா, சாயங்காலம் ஆஸ்பத்திரி போவோம்,” என்று சொல்லி அவனை உள்ளே படுக்க வைத்தான். காய்ச்சல் மயக்கத்தில் எழுந்து அதிகாரிகள் முன்னால் வந்து நின்றுவிடக் கூடாது என்று கதவுக்கு வெளியே டிரில் போட்டு ஒரு கொண்டியைத் திருகிப் பூட்டினான்.

பதினோரு மணிக்கு ஜெனரேட்டர் பார்க்கிறவன் போன் செய்தான். “டீசல் கலாஸ் பாய், தீந்துபோச்சு. ஏசி நின்னுடுச்சு.” அதிகாரிகள் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கார்மேகம் குரலைத் தாழ்த்தி, “அப்புறம் பாக்கலாம்,” என்றான்.

நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தபோது சோலைமுத்து படுக்கையில் இல்லை. கதவுக்குக் கீழே இருந்த விரற்கடை இடைவெளியில் வாயை வைத்து, காற்றை உறிஞ்சுகிறவனைப் போலக் குப்புறக் கிடந்தான். கார்மேகம் முதலில் கொண்டியைப் பிடுங்கினான். பிறகு அவனைத் தூக்கிப் படுக்கையில் போட்டான். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டான். தூக்கத்திலேயே போய்விட்டான் என்று எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள்.

விலை பேசி வாங்கிய அந்தக் கேரவனை இப்போது இழுத்துவந்து கம்பெனி யார்டின் வேலியோரம் நிறுத்தினார்கள். ராதா ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை தைத்தாள். அடுப்புக்கு மேலே முருகன் படம் ஒட்டினாள். ஸ்கூல் வேன் மெயின் ரோட்டுக்கே வந்துபோக ஏற்பாடு ஆனது. செருப்புகள் படிக்குக் கீழே வரிசையாக வந்தன, ஈரத்துணிகள் வேலியில் ஏறின, ரொட்டிக்கு மாவு பிசைகிற வாசனையும் பிள்ளைகளின் பவுடர் வாசனையும் சேர்ந்து, பழைய ஒட்டுப்பலகையின் சூட்டு வாசனையை மெல்ல மெல்ல அமுக்கிவிட்டன. ஒரு மாதம் எதுவும் நடக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில், இது வேறு கேரவனாகக்கூட இருக்கலாம் என்று கார்மேகம் தன்னையே நம்ப வைக்கப் பார்த்தான்.

மே மாதம் ராதா சொன்னாள்: “பகல்ல பதினோரு மணியானா ஏசி ஓடுது, ஆனா குளிர மாட்டேங்குது.”

அவன் வந்து கையை நீட்டிப் பார்த்தான். ஐஸ் மாதிரிக் காற்று வந்தது. “நல்லாத்தான இருக்கு?”

“உங்களுக்கு வருது,” என்றாள் ராதா. அவள் நெற்றி முழுக்க வியர்வை.

அடுத்த வெள்ளிக்கிழமை, லீவு நாள். கடைக்குப் போய்விட்டு முற்பகலில் திரும்பினான். மணல் காற்று வீசத் தொடங்கியிருந்தது; ராதாவும் மற்ற பிள்ளைகளும் வேலியிலிருந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வானமும் தரையும் ஒரே சாம்பல் மஞ்சளாகி, வேலிக்கம்பிகள் ஒரு மாதிரி முனகிக்கொண்டிருந்தன. கேரவன் கதவை இழுத்தான். உள்ளே தரையோரம் ஏதோ உரசியது. மெதுவாக இழுத்தான். உள்ளே, தரையில், முத்தரசி குப்புறப் படுத்திருந்தாள். அவள் கன்னம் வாசல் சட்டத்தில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது.

“ஏத்தா, என்ன செய்யிற? எந்திரி.”

குழந்தை அசையாமல், கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். “இங்கதான்ப்பா காத்து வருது.”

அவன் அவளை வாரித் தூக்கினான். உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலக் கொதித்தது. வெளியே கொண்டுவந்து தண்ணீர் கொடுத்ததும் சரியாகிவிட்டது, ஓடிப்போய் விளையாடினாள். காய்ச்சல் இல்லை. எதுவுமே இல்லை.

அன்று சாயங்காலம் ராதா படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். காற்று அடங்கியிருந்தது. கார்மேகம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பல தடவை தொண்டையைச் செருமினான்.

“சோலைமுத்து இருந்தான்ல...”

“பாவம்,” என்றாள் ராதா. “அவன் பொஞ்சாதி போன மாசம்கூட போன்ல பேசுச்சு. நீங்க கூட இருந்ததாலதான் அவரு கஷ்டப்படாம, தூங்குன வாக்குலயே போனாரு, அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிறேங்குது. மகளுக்கு உங்க பேரச் சொல்லிச் சொல்லித்தான் வளக்குதாம்.” தோலை ஊதிவிட்டு அவனைப் பார்த்தாள். “ஏன், என்ன திடீர்னு?”

“ஒண்ணுமில்ல. ஞாபகம் வந்துச்சு.”

“உங்க கண்ணு ஏன் இப்படி இருக்கு?”

“தூசி.”

அவள் மறுபடி பூண்டை எடுத்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். அது அவன் நாக்கின் அடியில் வந்து நின்றது, கூழாங்கல் மாதிரி. அவன் அதை விழுங்கினான்.

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். பிள்ளைகள் பகல் முழுக்க உள்ளேயே இருந்தார்கள். ஒரு நாள் ஸ்டோரில் வேலை சீக்கிரம் முடிந்து, பகல் பன்னிரண்டுக்கே வந்தான். பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டான். சத்தமே இல்லை. ஐந்து பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கதவுக்குக் கீழே, அந்த இடைவெளியில், மணல் மெல்ல உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. உள்ளே. வெளியே. மூச்சு விடுகிற மாதிரி.

திறந்தான். ஐந்து தலைகள். ஒன்றன் பக்கத்தில் ஒன்று, நெருக்கி, வாசலை நோக்கி, தரையில். அகிலாகூட. அவர்களுக்குப் பின்னால் ராதா முட்டி போட்டு, பிள்ளைகளின் கால்களுக்கு நடுவே தலை நுழைய இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏசியிலிருந்து குளிர்ந்த காற்று அவன் முகத்தில் அடித்தது.

“ராதா.”

அவள் தூக்கத்திலிருந்து விழித்தவள் போல நிமிர்ந்தாள். “வந்துட்டீங்களா? கதவு இறுக்கிக்கிச்சுங்க. எவ்வளவு தள்ளியும் தொறக்கல.”

“சும்மாதான சாத்தியிருந்துச்சு. ஒரு விரலால இழுத்தேன், வந்துருச்சு.”

“இல்லைங்க,” என்றாள் அவள், மிகவும் பொறுமையாக. “பூட்டியிருந்துச்சு.”

இங்கே இருக்க வேண்டாம், யாராவது நண்பர் வீட்டுக்குப் போவோம் என்றான். ஏழு பேரை யார் வைத்துக்கொள்வார்கள் என்று ராதா கேட்டாள். கதவு இறுகினால் கதவைச் சரி செய்ய வேண்டியதுதானே, அதற்காக வீட்டையா மாற்றுவார்கள் என்றாள். அவள் கேட்டது நியாயம். அவனுக்குத் தெரிந்த நியாயத்தைச் சொல்லியிருந்தால் அவள் ஒரு நிமிஷம் அங்கே இருந்திருக்க மாட்டாள். பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடியிருப்பாள். அவனை விட்டும் ஓடியிருப்பாள். அவன் சொல்லவில்லை. ஸ்டோருக்குப் போய் திருப்புளி கொண்டுவந்தான்.

கீல்களைக் கழற்றினான். கதவை முழுசாகத் தூக்கி, நூறு அடி தள்ளி, பழைய இரும்புகளின் நடுவே கொண்டுபோய்ப் போட்டான். வாசலில் ஒரு மெல்லிய திரையைத் தொங்கவிட்டான். இனிப் பூட்டுவதற்கு எதுவும் இல்லை. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அன்று நெஞ்சு லேசாக இருந்தது.

மறுநாள் பதினொன்றரைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டோரை விட்டுக் கிளம்பினான். காற்று நின்றுபோயிருந்தது. வெயிலில் கண் கூசியது. பாதி தூரத்திலேயே சத்தம் கேட்டது.

தடார். தடார்.

தகரத்தில் அடிக்கிற சத்தம். கதவு கிடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான். கதவு அங்கேதான் கிடந்தது. அதன் மேல் மணல் படிந்திருந்தது. அங்கே யாரும் இல்லை.

ஓடினான்.

திரை அறுந்து படியில் கிடந்தது. வாசல் திறந்து கிடந்தது. வெயில் படிவரைக்கும் விழுந்து அங்கேயே நின்றது. உள்ளே ஒரு துளி வெளிச்சம் இல்லை. அந்த இருட்டில் ஆறு பேர் நின்றார்கள். ராதா. அகிலா. நடுவில் மூன்று பேர். கீழே முத்தரசி. எல்லோர் கைகளும் முன்னால். எதுவுமே இல்லாத இடத்தில் உள்ளங்கைகள் தட்டையாக அழுந்தி, வெளுத்து, வழுக்கின.

“வெளிய வாங்க,” என்றான். “ராதா, கதவே இல்ல. வா.”

அவள் கண் அவனைத் தாண்டிப் பார்த்தது. இல்லை, தாண்டியும் பார்க்கவில்லை. இரண்டு சாண் தூரத்தில் எதையோ பார்த்தது.

“நான்தான் பூட்டுனேன்,” என்றான் கார்மேகம். குரல் உடைந்தது. “ராதா, சோலைமுத்த நான்தான் பூட்டுனேன். தெரிஞ்சேதான் திறக்கல. கேக்குதா?”

“ஷ்,” என்றாள் அவள் பிள்ளைகளிடம். “வெளிய யாரோ நிக்கிறாங்க.”

எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். பிறகு முன்னைவிட வேகமாக அடித்தார்கள்.

அவன் படியில் ஏறினான். வாசலில் நின்றான். பிள்ளைகளை வாரி வெளியே போட வேண்டும். கையை நீட்டினான். அவன் உள்ளங்கை அகிலாவின் உள்ளங்கையில் பட்டது.

அகிலா அலறிக் கையை இழுத்துக்கொண்டாள். “அம்மா, கதவு சுடுதும்மா.”

அடிகள் அவன் மேல் விழுந்தன. ராதாவின் முஷ்டி நெஞ்சில். நடுவில் மூன்று பேரின் கைகள் வயிற்றில். முத்தரசியின் சின்னக் கைகள் முழங்காலில். வலிக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அவன் உடம்பிலிருந்து தகரச் சத்தம் வந்தது.

விலக வேண்டும். கீழே இறங்க வேண்டும். கால் நகரவில்லை. கைகள் இரண்டு பக்கமும் வாசல் சட்டத்தைப் பிடித்திருந்தன. எப்போது பிடித்தான்? விரல்களை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. வாயைத் திறக்கப் பார்த்தான். வரவில்லை.

முதுகில் வெயில் ஏறியது. ஏற ஏற நெஞ்சுவரை சுட்டது.

“யாராச்சும் தொறங்களேன்,” என்று ராதா அவன் முகத்துக்கு நேராகக் கதறினாள். அவள் மூச்சு அவன் கன்னத்தில் பட்டது. கீழே, அவன் பாதங்களுக்கு நடுவே இருந்த சின்ன இடைவெளியில், முத்தரசி கன்னத்தை வைத்துப் படுத்து வாயைத் திறந்தாள்.