பதினோராம் மாதப் படிவம்

'பிடிமானம் இல்லாமல் மூன்று அடி நடக்கிறாள்' என்ற வரிக்கு எதிரே அவள் டிக் போட்டது செவ்வாய்க்கிழமை. குழந்தை இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லை என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

அவள் பொய் எழுதவில்லை. காதால் கேட்டதை எழுதுவதுதான் அவள் தொழில். நோயாளிகளைப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளை, வீட்டுக் கூடத்தின் மூலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டு, தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவாள். இருமலுக்கும் நாற்காலி நகரும் ஓசைக்கும் நடுவில் பாதி விழுங்கப்பட்ட மருந்தின் பெயரைக்கூட அவள் காது தவறவிட்டதில்லை. அந்தச் செவ்வாய் மதியம், ஒரு குறிப்பை முடித்து ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கியபோது, உள் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. வெறும் பாதம் தரை ஓட்டில் பதிந்து எழும் சத்தம், உள்ளங்கையால் மாவைத் தட்டுவதுபோல மெத்தென்று. தப். தப். கொஞ்சம் யோசித்து, மறுபடி தப், தப், தப்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். தரையில் விரித்திருந்த மெத்தையின் ஓரத்தில் குழந்தை உட்கார்ந்து போர்வை முனையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஏன்டி பட்டாணி, அம்மா வர்றதுக்குள்ள நடந்து முடிச்சிட்டியா? ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டியா?"

முதல் ஸ்கேனில் பட்டாணி அளவுக்கு இருந்ததால் வந்த பெயர். அவள் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்த படிவத்தை எடுத்து, அந்த டிக்கைப் போட்டாள். கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

அந்தப் படிவம் அவளுக்குச் சாதாரணக் காகிதம் இல்லை. இயற்கையாகத் தரித்த குழந்தைகள், ஆய்வகத்தில் கருவாகி உடனே கருப்பைக்கு வந்தவர்கள், விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவானவர்கள், கருவாக உறையவைத்து மாதங்கள் கழித்து எடுக்கப்பட்டவர்கள் என்று நான்கு வகைக் குழந்தைகளும் முதல் மூன்று வருடங்கள் எப்படி வளர்கிறார்கள் என்று ஒரு குழு பார்த்துவந்தது. மாதம் ஒரு படிவம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய பையோடு ஒரு மேடம் வீட்டுக்கு வருவார். எந்தக் குழந்தை எந்த வகை என்று அந்த மேடத்துக்குத் தெரியக்கூடாது, பெற்றவர்களும் வாய்தவறிச் சொல்லிவிடக்கூடாது. பட்டாணி நான்காவது வகை. நாத்தனார் ஒரு விருந்தில் எல்லோர் முன்னாலும், "ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பிள்ளைதானே, சூடாகக் கொஞ்சம் டைம் எடுக்கும்" என்று சிரித்த அன்றே அவள் ஆய்வில் சேரக் கையெழுத்துப் போட்டாள். என் குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை என்று யாராவது எழுத்தில் தரவேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பை மேடம் வந்தார். வெளியே மழை, நனைந்த சிமெண்டு வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து நின்றது. கிண்ணத்துக்கு அடியில் ஒளித்த பொம்மையைப் பட்டாணி உடனே கண்டுபிடித்தாள். கட்டைகளை ஒன்றோடொன்று மோதினாள். மணியை ஆட்டினாள். ஒவ்வொன்றுக்கும் மேடம் தலையசைக்க, பெற்றவளுக்கு உள்ளே ஒரு முடிச்சு தளர்ந்தது.

"எங்க, நடந்து காட்டுங்க பாப்போம், ராஜாத்தி."

மேடம் சோபாவைப் பிடிக்கவைத்துக் கையை எடுத்தார். கால்கள் மடங்கி, குழந்தை பொத்தென்று உட்கார்ந்தது. மறுபடி. மறுபடியும். மூன்றாவது முறை பட்டாணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பரவால்லமா, பதறாதீங்க. கால் இன்னும் எடையே தாங்கல. நடக்க ஒரு மாசமாவது ஆகும். பதினெட்டு மாசம் வரைக்கும் இதெல்லாம் லேட்டே இல்ல." மேடம் படிவத்தைப் புரட்டினார். "ஆனா நடக்கறான்னு போட்டிருக்கீங்களே? நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. கேட்டேன்."

"கேட்டீங்களா!" மேடம் சிரித்தார். "நல்ல ஆளுமா நீங்க. எல்லா அம்மாவும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவாங்க, நீங்க காதாலயே பாஸ் பண்ணி விட்டுட்டீங்க. சரி, மூணு வார்த்தை பேசறான்னும் இருக்கே. என்னென்ன?"

"வா. இங்க. தா."

"பட்டாணி, வா சொல்லு. வா."

"ப்பு," என்றது குழந்தை. "ப்பு ப்பு."

"இந்த வார்த்தைங்களை யார்கிட்ட சொன்னா? உங்ககிட்டயா?"

அவளிடம் சொன்னதில்லை. மூன்றையும் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கமிருந்துதான் கேட்டிருந்தாள். பொம்மையோடு பேசுகிறாள் என்று நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், வா என்று ஒரு குரல் சொன்னதும், சற்று எட்டத்திலிருந்து இங்க என்று பதில் வந்தது. அப்போது அது பதிலாகத் தோன்றவில்லை.

"உள் ரூம்ல இருந்து கேட்டுச்சு," என்றாள்.

மேடத்தின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. உள் அறைக் கதவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே சிரமப்படுவதுபோலக் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் நீங்க மூணாவது," என்றார்.

"என்ன மூணாவது, மேடம்?"

மழை கொஞ்சம் வலுத்தது.

"இப்படி உள் ரூம்ல கேட்டுச்சுன்னு சொன்னவங்கள்ல. நான் இதைக் கேக்கவே கூடாது. தெரிஞ்சா வேலை போயிடும். உங்களுக்கு... இவளைத் தவிர, வேற கரு ஏதாவது ஃப்ரீஸ் பண்ணி வச்சிருந்தாங்களா?"

"ரெண்டு."

"இப்பவும் இருக்கா?"

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டோம்."

மேடம் எழுந்தார். கட்டைகளைக்கூட எண்ணாமல் பைக்குள் வாரிப் போட்டார். வாசலில் அவசரமாகச் செருப்பை மாட்டினார். "கதவைத் திறந்தே வைங்கம்மா," என்றார். எந்தக் கதவை என்று கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். பட்டாணிக்கு இரண்டு மாதமானபோது கருத்தரிப்பு மையத்திலிருந்து வந்த கடிதம் நினைவுக்கு வந்தது. ஒரு கையில் பால்புட்டி, மறு கையில் பேனா. மிச்சமிருக்கும் இரண்டு கருக்களையும் தொடர்ந்து பாதுகாக்கவா, ஆய்வுக்குத் தரவா, அப்புறப்படுத்தவா என்று மூன்று கட்டங்கள். "ஒண்ணுக்கே நம்ம ரெண்டு பேரும் தூங்கி அறுபது நாள் ஆச்சு" என்று கணவன் கொட்டாவி விட்டான். அவளும் சிரித்துக்கொண்டே மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள். அதற்கும் முன்னால், ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று வெளிர் வட்டங்கள். ஒரே நாள், ஒரே மணி. ஆய்வகத்துப் பெண் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து சொன்னாள்: "மூணுமே அவ்வளவு நல்லா இருக்கு. கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுக்கலாம்."

கணவனுக்கு ஃபோன் செய்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது.

"என்ன, பட்டாணி பெயிலா? சொல்லு, அப்பா நல்லா பீத்தி வச்சிருக்கேன் இங்க எல்லார்கிட்டயும்."

"எப்ப வருவீங்க?"

"ஒரு ஆளு உள்ள மாட்டிக்கிட்டு கத்திக்கிட்டிருக்காரு. எடுத்துவிட்டுட்டு வந்துடறேன். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சீக்கிரம் வாங்க. எனக்கு இங்க..."

"அட!" அவன் குரலில் சந்தோஷம் பொங்கியது. "அது பட்டாணியா? எவ்வளவு தெளிவா சொல்றா! வான்னு தானே சொன்னா? இன்னொரு தடவை சொல்லச் சொல்லு!"

பட்டாணி அவள் தோளில் வாயைப் புதைத்து, துணியை மென்றுகொண்டிருந்தாள்.

லைன் துண்டிக்கப்பட்டது. மேலே மின்விசிறியும் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. மின்சாரம் போய்விட்டது. மேகத்தின் சாம்பல் வெளிச்சம் மட்டும் ஜன்னலோரத்தில் கொஞ்சம் கிடந்தது. பழைய பனிக்கட்டியின், வாசனை என்றே சொல்ல முடியாத ஒரு வாசனை, உலோகம்போல மூக்கின் உள்ளே குத்தியது.

தப்.

உள் அறைக்குள்.

வாசல் கதவுக்குப் போக வேண்டுமென்றால் அந்த அறை வாசலைத் தாண்ட வேண்டும். ஆறு அடி. அவள் ஒரு அடி வைத்தாள்.

தப், தப். நடக்கப் பழகிவிட்ட கால். தடுமாற்றமே இல்லை.

அவள் பின்வாங்கினாள். சோபா முழங்காலின் பின்பக்கம் இடிக்க, உட்கார்ந்துவிட்டாள். காது தானாகவே வேலை செய்தது. எடை, சுமார் எட்டு கிலோ. இடது பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியது. பட்டாணியைப் போலவே.

அதற்குப் பின்னால் வேறு ஒன்று.

உள்ளங்கை, முழங்கால். உள்ளங்கை, முழங்கால். இன்னும் தவழ்கிற ஒன்று. பின்தங்கிய ஒன்று.

முன்னது நின்றது. பின்னது வந்து சேரும்வரை காத்திருந்தது.

கதவு அசைந்தது.

தரையில் யாரும் இல்லை. ஓடுகள் வெறுமையாக இருந்தன. ஆனால் கால் மிதியடியின் ஓரம் மடிந்து, மறுபடி விரிந்தது. சத்தம் மிதியடியைத் தாண்டியது. மேசையைச் சுற்றியது. இடித்துக்கொள்ளவில்லை. இந்த வீடு அவர்களுக்குப் பழக்கம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தையை மார்போடு இறுக்கினாள். என் குழந்தை. என் ஒரே குழந்தை.

சோபாவுக்கு எதிரே எல்லாம் நின்றது.

மழை மட்டும்.

பிறகு வலது முழங்காலில் துணி கீழே இழுபட்டது. எதையோ பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற எடை. தோலின் மேல் ஐந்து குளிர்ந்த புள்ளிகள் அழுந்தின.

இடது முழங்கால். அங்கே தாமதமாக. நழுவி, மறுபடி பிடித்து, நழுவி.

பிடித்துவிட்டது.

பட்டாணி அம்மாவின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். குனிந்து வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், கெக்கெக்கே என்று சிரித்தாள். பிறகு அம்மாவின் பிடியிலிருந்து நெளிந்து இறங்கி, கால்களை மடக்கி ஒடுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் இடம் விட்டு, மடியின் சரிநடுவில் உட்கார்ந்தாள்.