பூட்டை உடைத்த புழு

நீர்க்குழுக் கூட்டத்தில் வெங்காய பஜ்ஜி மூன்றாவது சுற்று வந்தது. நப்பின்னை தன் தட்டைத் தள்ளி வைத்தாள். மடியில் ஆறு மாதக் குழந்தை ஆதிரை, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

"கொழுப்புப்பூட்டை நிறுத்துங்க சார். கண்டுபிடிச்ச நானே சொல்றேன்."

கொசுப்புழு கொழுப்பைச் செரிக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதியை முடக்குவதுதான் கொழுப்புப்பூட்டு. உடம்பில் கொழுப்புச் சேராத புழு, கொசுவாகாமலே செத்துப்போகும். ஊர்த் தண்ணீர் முழுக்கக் கலந்தார்கள், கொசு ஒழிந்தது. குடித்த பெரியவர்கள் கொஞ்சம் மெலிந்தார்கள், அதற்கும் மகிழ்ந்தார்கள். மனிதருக்குக் கெடுதலில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நப்பின்னை. பாலையே நம்பியிருக்கும் கைக்குழந்தைகளைச் சோதிக்க அந்த மகாராணிக்குத் தோன்றவில்லை!

தலைவர் கோதண்டபாணி தன் தட்டையான வயிற்றைத் தடவிக்கொண்டார். "இப்பத்தாம்மா நான் வாய்க்கு ருசியா சாப்பிடறேன். பாப்பாவுக்கு நல்ல டானிக்கா வாங்கிக் குடுங்க."

"எதைக் குடுத்தாலும் செரிக்கணுமே சார்! என் பால்லயே பூட்டு இறங்குது."

"நிறுத்தினா டெங்கு வரும். அப்ப சாகிற பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது?"

அந்த நேரம் பார்த்துக் கோதண்டபாணி தன் கையில் பட்டென்று அடித்தார். உள்ளங்கையில் ரத்தம், நடுவே நசுங்கிய கொசு.

"ஐயையோ, கொசு! மருந்தை ரெண்டு மடங்காக்குங்க!" என்று கூட்டமே கத்தியது. பஜ்ஜி பிடித்த கைகளெல்லாம் மேலே போயின. தீர்மானம் நிறைவேறியது.

என்ன ஜென்மங்களோ! சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆனால் நப்பின்னையின் கண் அந்தக் கொசுவிலேயே இருந்தது. இந்தத் தண்ணீரில்தானே அது வளர்ந்திருக்கும்? அப்படியானால் ஏதோ ஒரு புழு, பூட்டுக்கு அடங்காத புது நொதியை உண்டாக்கிவிட்டது. அதைப் பிரித்தெடுத்துப் பாலில் ஒரு சொட்டு விட்டால் ஆதிரைக்கும் செரிக்கும். அதற்குப் புழு வேண்டும், நிறைய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் வாளி நிறைய அதே ஊர்த் தண்ணீர் வைத்தாள். மூடவில்லை. புழுக்களுக்குத் தீனியாகத் துளி பாலாடையும் கலந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தியில் ஒரு கொசு வந்து அவள் முழங்கையில் அமர்ந்தது. பழக்கதோஷத்தில் ஓங்கிய கையை மெல்ல இறக்கினாள்.

"குடிச்சுக்கோ. முட்டையை மட்டும் இங்கயே போட்டுட்டுப் போ, தாயே."