சொல்லிக்கொண்டு போகும் வசதி

மனிஷாவின் இணையப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் இருந்தன.

விஜய்குமார்: போயிட்டு வர்றேன்.
மனிஷா: வாங்க.

முதல் வரியில் தப்பில்லை. இரண்டாவதைப் பார்த்ததும்தான் சொர்ணலதா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மனிஷா காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவளுடைய வாசகன் விஜய்குமார் இரங்கல் எழுத அவள் பக்கத்துக்கு வந்தது போன வாரம். மறுநாளே பாலாறு சோதனைச் சாவடியருகே லாரி மோதி அவனும் போய்விட்டான்.

அக்ரஹாரத்தில் ஊதுபத்திக் கடைக்கு மேலே இருந்தது, மனிஷாவும் பரத்தும் அவளும் சேர்ந்து நடத்திய அலுவலகம். சாயங்கால மழை தகரக் கூரையில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்க, கீழேயிருந்து சாம்பிராணி வாசனை மரப்படி வழியாக ஏறி வந்து, மாலை போட்ட மனிஷாவின் படத்தைச் சுற்றி, அறையில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் போல அசையாமல் நின்றது.

யார் வேண்டுமானாலும் இணையத்தில் நாட்குறிப்பு எழுதலாம் என்று அவர்கள் தளம் தொடங்கியது இந்தத் தொண்ணூற்றொன்பதில்தான். ஆட்களை ஒருவரோடு ஒருவர் பழக வைக்க என்னென்ன வசதி வைப்பது என்று பேசியபோது பரத் கல்யாண விருந்தில் உட்கார்ந்தவன் மாதிரி எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டான்: விருந்தினர் புத்தகம், நண்பர் வட்டம், பிறந்தநாள் நினைவூட்டல். சொர்ணலதா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நம்மூட்டுக்கு வந்தவங்க சொல்லாமயா போவாங்க?"

அப்படித்தான் வந்தது அந்த வசதி. ஒருவர் பக்கத்தைப் படித்து மூடினால், 'போயிட்டு வர்றேன்' என்று அவர் பெயரில் தானாக விழும். பதிலை மட்டும் பக்கத்துக்கு உரியவர் கைப்படத் தட்ட வேண்டும். மனிஷாவுக்கு அது உயிர். பெரியவர்களுக்கு 'வாங்க' என்பாள். சொர்ணலதாவின் தம்பி யுவனுக்கு 'வா கண்ணு'.

சாவு வீட்டில் மட்டும் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். வாய் திறக்காமல் எழுந்து போய்விட வேண்டும். அங்கே போய் வருகிறேன் என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் சொர்ணலதாவுக்கு எப்படித் தோன்றாமல் போனது?

"பரத், இந்தப் பதிலு நீ போட்டதா?"

குடையை எடுத்தவன் திரையைப் பார்த்தான். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"அவ பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பேடா சொர்ணா, வேண்டாம். அதைப் பாக்கவே பேடா."

அவன் படியிறங்கும் சத்தம் மழையில் கரைந்தது. சொர்ணலதா நிர்வாகியாக நுழைந்திருந்ததால் அவள் பெயர் அங்கே விழாது. அந்த ஒரு நிம்மதியோடு மூச்சு விட்டபோது, மனிஷாவின் பழைய கணினியிலிருந்து குரல் கேட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போக வந்த யுவன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"மனிஷாக்கா எழுதினதெல்லாம் படிச்சுட்டேன்கா. மூடிடட்டா?"

"தொடாதே!"

"ஏங்க்கா?"

"கையை எடுடா! எதையும் தொடாதே!"

அந்த வசதிக்கான நிரலைத் திறந்தாள். விளக்கு அணைந்தது. மின்சாரம் போய்விட்டது. யூபிஎஸ் கத்தியது. இரண்டு திரைகள் மட்டும் வெளிச்சம். யூபிஎஸ் அடங்கினால் யுவன் திறந்த பக்கமும் மூடி, அவன் பெயரும் விழுந்துவிடும். அழித்தாள். சேமித்தாள். மோடம் முனகியது. போ. போய்ச் சேர்.

சேர்ந்தது.

"இப்ப மூடு."

மூடினான். அவள் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். பழைய இரண்டு வரிகள்தான். யுவன் பெயர் இல்லை. சொர்ணலதா மேசையில் தலை வைத்து அழுதுவிட்டாள். அவன் ஒன்றும் புரியாமல் அவள் தோளைத் தட்டினான்.

இரண்டு கணினிகளையும் அணைத்தாள். யூபிஎஸ்ஸையும். அறை இருண்டது. பூட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

யுவன் வாசலில் செருப்பை மாட்டினான். நல்ல பிள்ளை. சொல்லாமல் படியிறங்கினால் காதைத் திருகி வளர்த்தவள் அவள். மனிஷா இருந்தபோது தினமும் செய்ததுபோல் உள்பக்கம் திரும்பினான். அவள் கை அவன் வாயைப் பொத்தப் போவதற்குள் சொல்லிவிட்டான்.

"மனிஷாக்கா, போயிட்டு வர்றேன்."

மழை பெய்தது.

உள்ளே, டக்.

டக். டக்.

யாரோ தட்டுகிறார்கள். நிதானமாக. ஒவ்வொரு எழுத்தாக.

மனிஷாவின் திரை எரிந்தது. மாலைக்குள்ளிருந்த படத்தின் கண்ணாடியில் அந்த வெளிச்சம் விழுந்தது. வாசலிலிருந்தே படிக்க முடிந்தது.

மனிஷா: வா கண்ணு.