முள் நிற்கும் வரை

மற்ற குவியல்களெல்லாம் ஒழுங்காகத்தான் புகைந்துகொண்டிருந்தன. நகரத்துப் பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வெட்டிக் கழித்த புல்லும் தழையும் சுள்ளியும் நகராட்சி லாரிகளில் வந்து, இந்த மைதானத்தில் ஆளுயரத்துக்கு மேலாக நீள நீளமாய்க் கிடந்து, உள்ளுக்குள்ளேயே வெந்து உரமாகின்றன. தூறல் போட்ட குளிர் மாலையில் அவற்றின் முதுகிலிருந்து ஆவி இடைவிடாமல் எழுந்தது. சுற்றுச்சுவரை ஒட்டிய கடைசிக் குவியல் மட்டும் அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் ஆவி விட்டது. நிறுத்தியது. பிறகு மறுபடி விட்டது.

ஆய்வாளர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே அதைக் கவனித்தார். ஒரு குப்பையைக்கூட இந்தத் தண்டங்களுக்கு ஒழுங்காகப் புகைய வைக்கத் தெரியவில்லை என்று நினைத்தார். தன்னைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் அரைவேக்காடு என்பது அவருடைய முடிந்த முடிவு. அதை அவர் அனுபவம் என்று சொல்லிக்கொள்வார். ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'சீல் சார்' என்பார்கள். மனம் கோணினால் சிவப்பு நாடா கட்டிச் சீல் வைத்துவிட்டுப் போய்விடுவார். போனவர் மறந்தும்விடுவார்.

இந்தக் கடைசிக் குவியலும் அப்படிக் கட்டிப்போட்டதுதான். போன தடவை வந்தபோது அவருக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒன்று மடங்கியது. மனிதர் சரிந்து விழப் பார்த்தார். எங்கோ யாரோ சிரித்த மாதிரியும் இருந்தது. நாற்காலிக்குச் சீல் வைக்க முடியாதே! கண்ணில் பட்ட குவியலுக்கு வைத்தார். 'ஆய்வாளர் நேரில் வந்து சூடு பார்க்கும் வரை இதை யாரும் தொடக்கூடாது' என்று தன் கையாலேயே பலகை எழுதி நட்டார். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும் அவருக்கு. அதோடு எட்டு மாதம் ஓடிப்போனது. புரட்டும் வண்டி மற்ற குவியல்களைக் கிளறிப் போட்டு, உரமாக்கி, அனுப்பி, புதுத்தழை வந்து குவிந்தது. பலகைக்கு அப்பால் யாரும் கை வைக்கவில்லை.

இப்போது அதுவே கழுத்தைப் பிடித்தது. தலைமை அலுவலகத்தில் ஒரு பதவி காலியாகிறது. ஆயுள் முழுக்க அவர் நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்த பதவி. அங்கே இருக்கும் மனைவியின் அண்ணன் காலையில்தான் போன் செய்தார்: "மாப்ள, இன்னிக்குச் சாயங்காலம் பேர் போகுது. உங்க பேர்ல அந்தக் குப்பை ஒண்ணுதான் முடியாம நிக்குது. முடிச்சா நீங்க, முடிக்கலேன்னா வேற ஆளு." முடிப்பதென்றால், குவியலின் நடுவே கம்பி குத்தி, ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் சூடு இருப்பதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் அவர் அறைக்குள் உட்கார்ந்தபடியே சூட்டை மனதால் அளந்து எழுதிவிடுவார். புதிதாக வந்த இயக்குநர் யாரையும் நம்பாத ஆள், படம் கேட்கிறார்.

மேற்பார்வையாளர் குடையோடு ஓடிவந்தார். வாங்குகிற சம்பளத்துக்குக் கும்பிடு போடுவது ஒன்றையே ஒழுங்காகச் செய்கிற மனிதர்.

"வாங்க சார், வாங்க. டீ சொல்லட்டா?"

"டீ குடிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? கம்பியக் கொண்டா."

கம்பி வந்தது. கைத்தடியைவிட நீளம், ஒரு முனை கூர், மறுமுனையில் கடிகாரம் போல ஒரு வட்டமும் அதற்குள் ஒரு முள்ளும். மேற்பார்வையாளர் அதை விடாமல் பிடித்துக்கொண்டே குழைந்தார்.

"சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முதல் குவியல்ல குத்திக்கலாம். அறுபத்தி ரெண்டு காட்டுது. போட்டோல எது எந்தக் குவியல்னு எவனுக்குத் தெரியப்போவுது?"

நல்ல யோசனைதான். ஆய்வாளரே ஆயிரம் முறை செய்திருப்பார். ஆனால் அதை இந்த மூஞ்சி சொல்லித் தான் கேட்பதா?

"நாளைக்கு என் குடுமி உன் கையில. அதானே கணக்கு?"

"ஐயோ, அப்படியில்ல சார். அந்தப் பக்கம் இப்ப யாரும் போறதில்ல. ஒரு நாய் சுவத்துக்கும் குவியலுக்கும் நடுவுல போச்சு. வரவே இல்ல."

"சுவரேறிக் குதிச்சிருக்கும்."

"ரெண்டாள் உசரம் சார் அது."

"அப்ப நாய்க்கு ஒரு விசாரணைக் கமிஷன் வை. உன் தகுதிக்கு அதுதான் சரி."

குடையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் நடந்தார். மேற்பார்வையாளர் முதல் குவியலோடு நின்றுவிட்டார். நின்றதைப் பார்த்து ஆய்வாளருக்கு உள்ளூரத் திருப்திதான். பயந்தாங்கொள்ளிகள் நிறைந்த உலகத்தில் நடந்துபோவது அவருக்கு எப்போதும் சுகமாக இருந்தது.

குவியல் குவியலாகக் கடந்து போகப் போக வெட்டிய புல்லின் புளித்த நெடி மூக்கில் ஏறியது, பூட்ஸின் கீழே தழையிலிருந்து கசிந்த கறுப்புச் சாறு சளக் சளக்கென்றது, எங்கோ பின்னால் லோடர் வண்டி உறுமி அடங்கியது, காக்கைகள் முதுகுகளின் மேல் உட்கார்ந்து புழு கொத்தின. கடைசிக் குவியலின் மேல் ஒரு காக்கையும் இல்லை. புளித்த நெடியும் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு வாசனை இருந்தது. ஆள் அப்போதுதான் எழுந்துபோன படுக்கையில், போர்வைக்குள் இருக்குமே, அந்த வெதுவெதுப்பான வாசனை.

சிவப்பு நாடாவை அறுத்தார். பலகையின் பக்கத்தில் கம்பியைக் குத்தினார். சுள்ளி தட்டும், முட்டித் தள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்தவருக்கு அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது ஆச்சரியமாக இருந்தது. குத்திய பிறகு முள் நிற்கும் வரை அசையாமல் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு ஏது அந்தப் பொறுமை? ஓடிக்கொண்டிருந்த முள்ளையே எட்டிப் பார்த்தார். முப்பத்தேழு.

புரட்டிப் போடுகிற குவியல் கை பொறுக்காமல் கொதிக்கும். புரட்டாமல் விட்டது ஆறிச் சில்லிட்டுப் போகும். எட்டு மாதம் கிடந்த தழைக்கு இந்த இரண்டும் கெட்டான் சூடு எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு தள்ளிப்போய் நடுவில் குத்தினார். முப்பத்தேழு. கடைக்கோடியில் குத்தினார். அதே முப்பத்தேழு.

"மீட்டரு பாடாவதி!" என்று கத்தினார். சோதித்துப் பார்க்கக் கூர்முனையைத் துடைத்துத் தன் உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பொத்திக்கொண்டார். முள் மெல்ல ஏறி, உடம்புச் சூட்டில், அதே இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மீட்டரில் குறையில்லை. அவர் கையைப் பேன்ட்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

ஐம்பத்தைந்து வேண்டும். வெளிச்சம் போவதற்குள் வேண்டும். முதல் குவியலுக்குத் திரும்பிப் போகலாம்தான். அங்கே அந்தக் கும்பிடு நிற்கிறது, பல்லிளிக்கும். அதைவிடக் குவியலின் பின்பக்கம் மேல். சுவர் மறைப்பில் காற்றுப் படாது, சூடு தங்கியிருக்கும்.

பின்பக்கம் வந்தவர் நின்றார். போன முறை இந்த வழியாகத்தான் அவருடைய ஜீப் போயிற்று. இப்போது ஒருவர் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். 'சுவருக்கும் குவியலுக்கும் இடையே வண்டிப் பாதை விடப்படவில்லை' என்று மனதுக்குள் குற்றச்சாட்டு எழுதத் தொடங்கியதும் அவருக்குத் தெம்பு வந்தது. பாதை விடாமல் குவியலை நகர்த்தியது யார்? தொடக்கூடாது என்றுதானே எழுதியிருந்தார்? வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தார்.

உள்ளே தூறல் விழவில்லை. முதுகில் சுவர் ஐஸாகக் குளிர்ந்தது, முகத்துக்கு நேரே தழை வெதுவெதுத்தது. பாதி தூரம் போய்க் கம்பியைச் சாய்த்து நெஞ்சு உயரத்தில் தழைக்குள் செருகினார். போனை எடுத்துப் படத்துக்குப் பிடித்தார். அது அதிர்ந்தது. மனைவி.

"என்னங்க, அண்ணன் கேக்கறார். அனுப்பிட்டீங்களா?"

"அஞ்சு நிமிஷம். வை போனை."

"ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க? ஓடினீங்களா?"

"நானா? சும்மாதானே நிக்கறேன்."

"இல்லீங்க, காதுல இரையுதே. கிட்டக்க யாராவது இருக்காங்களா?"

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தன் மூச்சு நின்றது அவருக்கே தெரிந்தது.

"இன்னும் கேக்குதுங்க," என்றாள்.

போன் கையிலிருந்து நழுவிச் சேற்றில் முகம் குப்புற விழுந்தது. வெளிச்சம் போயிற்று. அவருக்குப் பயம் வந்தது. சின்ன வயதுக்குப் பிறகு அவர் அறியாத பயம். பதவி வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கம்பியைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது. முரட்டுத்தனம் இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவது போல, பதமாக. கம்பி போனது. கடிகார வட்டம் தழைக்குள் அமிழ்ந்தது. இலைகள் மூடிக்கொண்டன.

ஒருக்களித்து ஓடப் பார்த்தார். வந்த வழி இல்லை. தழை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பினார். அங்கேயும் தொட்டது. எந்தச் சத்தமும் கேட்கவில்லையே? எப்போது நடந்தது?

"யோவ்!" என்றார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மேற்பார்வையாளரை, "ஐயா!" என்றார்.

"சார்? முடிஞ்சுதா சார்?" எங்கோ தொலைவில் கேட்டது. கிட்டே வரவில்லை.

குவியல் வயிற்றைத் தொட்டது. மார்பைத் தொட்டது. வெதுவெதுப்பு. போர்வை வாசனை. உள்ளே சுள்ளிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. நீளமான எதையோ நிதானமாகத் திருப்பிப் பிடிக்கிற சத்தம்.

இலைகள் விலகின. கூர்முனை வெளியே வந்தது. சுத்தமாகத் துடைத்திருந்தது.

அது அவர் தோளைத் தொட்டது. வேண்டாம் என்று விட்டது. தொப்பையைத் தொட்டது. விட்டது. பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

கத்த வாயைத் திறந்தார். வாய் நிறைய இலை.

முள் இந்த முனையில் இல்லை. அது உள்ளே இருந்தது, இருட்டில், அவரால் பார்க்க முடியாத இடத்தில். முள் நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை கம்பியை அசைக்கக்கூடாது. குவியல் அசைக்கவில்லை. அதன் முதுகிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஆவி நின்றது. மறுபடி எழவில்லை. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.