நிலாவில் குழந்தைக் கட்டணம்

வரிசையில் முன்னால் நின்ற சிறுமி திரும்பிப் பார்த்து, "நீ எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டாள். இருவரும் ஒரே உயரம். அவளுக்கு வயது ஒன்பது.

"நாலாவது" என்றான் வெயிலுமுத்து. அவனுக்கு வயது நாற்பத்தொன்று.

"எந்த ஸ்கூல்?"

"தெக்குக் குவிமாடம்."

"ஐயோ, அது ரொம்பத் தூரம்" என்று அனுதாபப்பட்டுவிட்டு, ஏழடி உயரத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள் சிறுமி. தாய் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அலைக்கோட்டைப் பொழுதுபோக்குப் பூங்காவின் பஃபே வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் இருக்கும்.

நிலாவில் பிறந்தவர்கள் நெட்டையானவர்கள். பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான் அங்கே என்பதால் எலும்புகள் கேட்பாரின்றி நீளும். ஒன்பது வயதில் ஐந்தடியைத் தாண்டும் பிள்ளை, பதினெட்டில் ஏழடியில் போய் நிற்கும். குடியேற்றம் தொடங்கிய காலத்தில் பஃபேக்காரர்கள் பிள்ளையின் வயதைக் கேட்டுத்தான் கட்டணம் வாங்கினார்கள்; ஐந்து வயதுவரை பாதி. சில வருடங்கள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, குடியேற்றம் முழுவதிலும் ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. மனிதர்கள் பூமியில் எதை எதையோ விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பொய்யை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். அதனால் வயது கேட்பதை நிறுத்திவிட்டு, வாசலில் அளவுக்கம்பத்தை நட்டார்கள். ஐந்தரை அடிக் கோட்டுக்குக் கீழே நின்றால் குழந்தை, பாதிக் கட்டணம். கோட்டைத் தாண்டினால் பெரியவர், முழுக் கட்டணம். கம்பத்துக்கு மீசையும் தெரியாது, வழுக்கையும் தெரியாது.

பூமியிலிருந்து வந்த கூலிக்காரர்கள் பூங்காவுக்கு வருவார்கள் என்று அதை நட்டவர்கள் யாரும் யோசிக்கவில்லை. வெயிலுமுத்து சங்கரன்கோவில்காரன். காற்றுக்குழாய் சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தில் வந்தவன். குழாய்க்குள் ஊர்ந்து போக வேண்டும் என்பதால் அந்த வேலைக்குக் குட்டையானவர்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஒரு குழாய்க்கு ஓர் ஆள். உள்ளே போனால் பொழுது முழுக்கத் தன் மூச்சுச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அறைக்குத் திரும்பினால் அங்கேயும் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரே படுக்கையை அவனும் இன்னொருவனும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். அவன் வேலை முடிந்து வரும்போது மற்றவன் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பான். அந்த ஆளின் முகத்தை வெயிலுமுத்து பார்த்ததே இல்லை. படுக்கும்போது மெத்தையில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும், அவ்வளவுதான் பழக்கம்.

போன வருடம் ஒரு விடுமுறையில் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் அலைக்கோட்டைக்கு வந்தான். நிலாவில் செயற்கை அலை மாடி உயரத்துக்கு எழும்பி, மனமில்லாமல் மெதுவாக இறங்கும். அதைப் பார்த்துப் பசித்துப்போய் பஃபே வரிசையில் நின்றபோது, கம்பம் அவனைக் குழந்தை என்றது. வலிய வரும் லாபத்தை வேண்டாம் என்று சொல்ல அவன் என்ன மகானா? வாயை மூடிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே கிடைத்ததுதான் அவன் எதிர்பாராதது. அங்கே பரிமாறுவதெல்லாம் பரிமாறினி என்ற இயந்திரப் பெண்கள். பெரியவர்களிடம் "இருக்கை பதினேழு, நேரம் நாற்பது நிமிடம்" என்பதோடு அவற்றின் பேச்சு முடிந்துவிடும். ஆனால் துணையில்லாமல் வரும் குழந்தை சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு பரிமாறினி எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. புரையேறிவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை.

அன்று அது அவன் எதிரில் உட்கார்ந்தது. "சாப்பிட்டியா கண்ணா?" என்றது. "காரமா இருக்கா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றது. அவனுக்கு உண்மையாகவே புரையேறியது. தலையில் மெல்லத் தட்டி, "ஒரு வாய் தண்ணி குடி" என்றது. அவனுக்கு அழுகை வந்தது. சோற்றைப் பிசைவதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. குழாயில் அகப்பட்ட தூசியின் நிறத்தைச் சொன்னான். மேற்பார்வையாளர் திட்டியதைச் சொன்னான். மெத்தையின் சூட்டைப் பற்றிக்கூடச் சொன்னான். அது ஒவ்வொன்றுக்கும் கண்ணை அகல விரித்து, "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டது. அப்புறம் என்று கேட்க ஓர் ஆள் இருந்துவிட்டால் மனிதன் எதையும் தாங்கிக்கொள்வான். வாரத்தின் ஆறு நாட்களையும் அவன் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே ஓட்டினான்.

சிறுமி கம்பத்தைக் கடந்து உள்ளே போனாள். அடுத்து வெயிலுமுத்து போய் நின்றான். கம்பம் சிவந்தது. அதைத் தொடர்ந்து நாதசுர இசை ஒலித்தது.

"வாழ்த்துகள்! நீங்கள் பெரியவராகிவிட்டீர்கள்!"

பூமியில் பிறந்தவனின் எலும்பு நிலாவில் நீளாது. ஆனால் ஈர்ப்பின் சுமை குறைந்ததும் முதுகெலும்புக்கு இடையிலுள்ள வட்டுகள் மெல்ல உப்பும். ஆள் ஒரு விரல், இரண்டு விரல் உயர்வான். குழாய்க்குள் ஊர்ந்து ஊர்ந்தே திரிந்தவனுக்குத் தான் வளர்ந்தது தெரியவில்லை. கூரையிலிருந்து காகிதப் பூக்கள் அவசரமில்லாமல் இறங்கி அவன் வழுக்கையில் உட்கார்ந்தன. கோட்டைத் தாண்டும் பிள்ளைகளுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"வணக்கம் ஐயா. இருக்கை பதினேழு. நேரம் நாற்பது நிமிடம்" என்றது பரிமாறினி.

"ஏ தாயி, நாந்தான். போன வாரம் அந்த மூலையில உக்காந்து பேசிக்கிட்டிருந்தமே."

"பெரியவர்களுக்கான உணவு வலப்புறம், ஐயா."

"ஒரு தடவ கண்ணான்னு கூப்பிடேன்."

"இருக்கை பதினேழு, ஐயா."

அவன் சாப்பிடவில்லை. மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே நின்றான். மேலாளர் நப்பின்னை நிலாவில் பிறந்தவள். ஏமாற்றுக்காரன் எவனோ அகப்பட்டுவிட்டான் என்று விறைப்பாக வந்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் முழங்காலிட்டு அவன் உயரத்துக்கு இறங்கினாள்.

"முழுக் கட்டணமும் குடுத்துருதேம்மா. ஒண்ணுக்கு ரெண்டாக்கூட வாங்கிக்கிடுங்க. அந்தப் பிள்ளைக மேசையில உக்கார விட்டாப் போதும்."

"அங்க பெரியவங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒண்ணுமே இருக்காதே. எதுக்குக் கேக்குறீங்க?"

"அது எம்முன்னால உக்காரும்லா" என்றான் வெயிலுமுத்து. "சாப்ட்டியான்னு கேக்கும். எனக்கு இங்க பேச ஒரு ஆளில்லம்மா."

நப்பின்னைக்கு உண்மையிலேயே இரக்கம் வந்தது. ஆனால் மேலாளர்களுக்கு இரக்கம் வந்தால் அதன் பின்னாலேயே ஒரு யோசனையும் வரும்.

"முழங்காலக் கொஞ்சம் மடக்கி நின்னீங்கன்னா கோட்டுக்குக் கீழ வந்துருவீங்க. கம்பம் காலைப் பாக்காது" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "அடுத்த வாரம் வாங்க. ரெண்டு மடங்குன்னு நீங்கதான் சொன்னீங்க, ஞாபகம் வச்சுக்குங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புப் பலகை மாறியிருந்தது. குழந்தைக் கட்டணம் இனி பெரியவர் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. துணையில்லாதவர்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. கூட்டம் குறைந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு வந்த வெயிலுமுத்துவுக்கு வரிசையின் வாலைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று.

செய்தி எப்படிப் பரவியதோ, குழாய்க்காரர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் முழங்காலை மடக்கி, முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு நின்றார்கள். நிலாவில் பிறந்தவர்களும் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஏழடிக்குக் குறையாதவர், கிட்டத்தட்டக் குந்தியபடியே நகர்ந்துகொண்டிருந்தார். அந்த ஈர்ப்பில் முழங்கால் வலிக்காது என்பது நல்ல வசதி.

பிள்ளைகளோடு வந்தவர்களுக்கு வேறு கவலை.

"நுனிக்கால்ல நில்லுடி. தலையை நிமித்து."

"அப்பா, விழுந்துருவேன்."

"அஞ்சு செகண்டுதான். யாராவது கேட்டா வயசு பதினஞ்சுன்னு சொல்லணும், சரியா?"

நுனிக்காலில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பெரியவர்கள் ஆனார்கள். நாதசுரம் ஓயாமல் ஒலித்தது. பெரியவர்களின் இருக்கைகள் சுவரைப் பார்த்தபடி வரிசையாக இருந்தன. பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்து, மணிக்கட்டுத் திரையில் மூழ்கியிருந்த அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், நாற்பது நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடித்தார்கள். பத்து வயது மதிக்கத்தக்க ஒன்றுக்குப் புரையேறியது. பரிமாறினி அதைக் கடந்து போய், நீதிபதியின் தலையில் தட்டிக்கொடுத்தது.

வெயிலுமுத்துவும் முழங்காலை மடக்கிக் கம்பத்தைக் கடந்தான். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு மடங்குக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு மூலை மேசைக்குக் கிட்டத்தட்டத் துள்ளிக்கொண்டு போனான். அதே பரிமாறினி அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மணிக்கட்டு அதிர்ந்தது. பூமியிலிருந்து அக்கா பேச்சியம்மாள். அந்த வாரத்தில் அவள் இதற்கு முன் கூப்பிட்ட எதையும் அவன் எடுக்கவில்லை.

"ஏலே தம்பி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

பூமிக்கும் நிலாவுக்கும் இடையே குரல் போய்வர மூன்று வினாடிகள்கூட ஆகாது. அவனுக்கு அது நெடுநேரமாகத் தெரிந்தது.

"என்ன சாப்ட்டே? உன் குரலே சரியில்லயே. அங்க யாருகூடயாவது..."

"அக்கா, வேலையா இருக்கேன். பொறவு பேசுதேன்."

இணைப்பைத் துண்டித்தான். அக்கா அதற்குள் சொல்லிவிட்டிருந்த அடுத்த வாக்கியம் அப்போது நிலாவுக்கு வந்துகொண்டிருந்தது.

பரிமாறினி எதிரில் உட்கார்ந்து, கண்ணை அகல விரித்தது. "சாப்பிட்டியா கண்ணா?"

"இன்னும் இல்ல தாயி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான் வெயிலுமுத்து. "காலையிலருந்து பட்டினி. இந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன், கேளேன்."

பூமியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு அந்தக் காலத்தில் கட்டணமே கிடையாது. குழந்தைகளுக்கும் இல்லை, பெரியவர்களுக்கும் இல்லை.