ஆற்றில் விடாத கல்

கல்லில் ஒரு குழி கூடியிருந்தது. நேற்று பதினேழு. ஆரூரன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினான். பதினெட்டேதான்.

அது கேம்பிரியன் காலத்து மணற்கல். ஐம்பது கோடி வருசத்துக்கு முன் மொன்றியல் பக்கம் கடற்கரையாக இருந்தபோது, ஏதோ பல கால் பிராணி ஈர மணலில் ஊர்ந்த தடம் அதில் இறுகிக் கிடந்தது: இரண்டு வரிசைக் குழிகள், நடுவே வால் இழுபட்ட கோடு. அவன் மனைவி தனுஷா கல்லூரியில் நிலவியல் படிப்பித்தவள். "இஞ்ச பாருங்கோ, முதன்முதல் கரையேறினதுகளில இதுவும் ஒண்டு. திரும்பிப் போச்சுதோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்று சிரிப்பாள். மார்கழியில் கார் பனியில் வழுக்கி, போய்விட்டாள். பாவி, ஒரு வார்த்தை சொல்லாமல்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு கல் வேண்டும். இறந்தவரை அதில் வரவழைத்து, பூசை முடிய ஆற்றில் விடவேண்டும். வெளியே கல்லெல்லாம் பனிக்கடியில். அவள் மேசையிலிருந்த இதையே எடுத்து வைத்தான்.

ஐயர் தயங்கினார். "தம்பி, இது வெறுங்கல் இல்லைப்போல."

"அவவின்ர கல்தான், ஐயா."

பூசை முடிந்ததும் அவனுக்கு மனம் வரவில்லை. கராஜில் கிடந்த செங்கல் துண்டைத் துணியில் சுற்றி, சென்ட்-ஆனில் உறையாமல் ஓடும் ஆற்றில் விட்டான்.

இன்று நாலரைக்கே இருட்டிவிட்டது. தனுஷாவின் தங்கை கஜந்தினி போனில் அழுதாள். "அத்தான், அக்கா கனவில வாறா. ஓடுறா. கல்லை விட்டனீங்கள்தானே?"

"ஓம்."

ஹீட்டரில் காய்ந்த அறையில் வற்றிய கடலின் வாடை. மணலைக் கீறும் சத்தம், மெல்ல, விட்டுவிட்டு. டோர்ச் அடித்தான். குழிகளுக்கு முன்னால் அரிசியளவு மனிதப் பாதங்கள். வலது பாதத்தில் நாலு விரல். சின்ன வயதில், ஊரில் சண்டைக்குள் ஷெல் விழுந்து கொண்டுபோன விரல் அவளுடையது. அடிகளுக்கிடையே இடைவெளி அதிகம். ஓடுகிறாள், குழிகள் பின்தொடர.

கார்ச்சாவியை எடுத்தான். வைத்தான். அவள் இருக்கிறாள், ஐயோ, இன்னும் இருக்கிறாள். எப்படி விடுவது?

"நாளைக்கு விடுறன், தனு. இண்டைக்கு மட்டும்."

கல்லை நெஞ்சில் அணைத்தபடி சோபாவில் சாய்ந்தான். கண் அசந்தது அரைமணி நேரம்தான். சட்டை நனைந்திருந்தது. உப்பு. டோர்ச்.

பாதங்கள் கல்லின் ஓரம்வரை வந்திருந்தன. அவன் நெஞ்சுப் பக்கம். அங்கே ஒரு சின்ன உள்ளங்கை. ஐந்து விரலும் விரிந்து, உள்ளேயிருந்து அழுத்தியபடி.

அதன் மேலே குழிகள்.

திரும்பிப் போன தடம் ஒன்றுதான், அந்தப் பல காலுடையது. நடுக்கோடு முன்னையைவிட அகலம், எதையோ இழுத்துப் போனதுபோல.